ஆனந்தராசா காட்டிய நன்றி

சிவகௌரி வேலையை விடப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருந்த தமிழ்ச் சனம் முழுவதும் கவலைப்பட்டது. அவள் அந்த வேலையில் சேர்ந்தபோது ஒருவரும் கவலைப்படவில்லை. இடுப்பு முறிய உழைத்தபோது என்ன ஏது என்று எட்டிக் கேட்கவுமில்லை. விடப்போகிறாள் என்றதும்தான் நன்றி, மரியாதை, மானம் என்று எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எங்கள் ஆட்களிடம் இந்தச் சாமான்களுக்கு எப்போதும் தட்டுப்பாடில்லை, அதுவும் அடுத்தவர் வீட்டுக்குக் கொடுப்பதென்றால்.

அந்த முதியோர் இல்லத்துக்குச் சூரிய இல்லம் என்று பெயர். மூடிக்கிடந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பின்பக்கம், புகை படிந்து கறுத்த செங்கல் கட்டடம். சூரியன் அந்தப் பக்கம் வந்ததாக யாரும் சொன்னதில்லை. மழை பெய்தால் யன்னல் நிலைகளில் கறுப்பாகத் தண்ணீர் வழியும். மாடி உண்டு, லிப்ட் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் அநேகமாகப் பழைய சுரங்கத் தொழிலாளிகளும் அவர்களுடைய விதவைகளும். வாழ்நாளெல்லாம் நிலத்துக்கு அடியில் கிடந்துவிட்டு, நெஞ்சு நிறையக் கரியோடு மேலே வந்தவர்கள். எந்த அறையில் யார் இருமுகிறார்கள் என்று படிக்கட்டில் நின்றே சிவகௌரி சொல்லிவிடுவாள்.

விடியற்காலையில் போய் அவர்களைத் தூக்கி இருத்த வேண்டும். முதுகு துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டி, விரிப்பு மாற்றி, பல்செட்டைக் கழுவி வாயில் பொருத்தி, பாண் துண்டைப் பாலில் நனைத்து ஊட்ட வேண்டும். நீரிழிவுக்காரருக்கு ஊசி போட வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு தும்புத்தடியை எடுத்துக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அவளை எடுத்ததே கூட்டித் துடைக்கத்தான். சம்பளமும் அதற்குரியதுதான். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டில் மிஸியாக, அதாவது தாதியாக, நின்றவள், தனக்குக் கீழே அற்றென்டன்மாரை வைத்து வேலை வாங்கியவள், இங்கே வாளியும் கையுமாக நின்றாள். எண்பத்தாறில் வந்து இறங்கிய நேரம் வேறு வழி இருக்கவில்லை.

இல்லத்தின் சொந்தக்காரி பிறாவ் லூட்கே, எங்கள் ஆட்கள் வாயில் லூட்கே அம்மா. அவளைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. கெட்டவளாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவள் அவ்வளவு மெனக்கெடுபவள் அல்ல. முப்பத்தைந்து வயது சிவகௌரியை ‘என் பிள்ளை’ என்பாள். நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பாள். நத்தாருக்கு ஒரு சாக்லேட் கிறிஸ்மஸ் தாத்தாவும், அந்த வருஷம் இறந்துபோன யாருடையதாவது ஒரு கம்பளிக் கோட்டும் தருவாள். அந்தக் கோட்டுகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆனந்தராசா கலியாண வீடுகளுக்குப் போவான். எங்கே வாங்கியது என்று கேட்டால் “முதலாளியம்மா தந்தவ” என்று தடவிக் காட்டுவான்.

ஆனந்தராசா சிவகௌரியின் புருஷன். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன். எண்பத்துமூன்று கலவரத்தோடு வெளிக்கிட்டு, அவளுக்கு முன்னரே ஜேர்மனிக்கு வந்து, அகதி அந்தஸ்தும் வேலை செய்யும் அனுமதியும் வாங்கியவன். அனுமதி கிடைத்தும் வேலைதான் அவனோடு ஒத்துவரவில்லை. ஹோட்டல் குசினியில் பாகிஸ்தான்காரன் ஒருவன் மேலாள், அவனுக்குக் கீழ் நிற்க முடியாது என்று விட்டான். கார் கழுவும் இடத்தில் தன்னைவிட இளையவன் ஒருவன் அதட்டினான், அதையும் விட்டான். பிறகு முதுகு நோ வந்தது. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். வைத்தியருக்குத் தெரியாத நோ என்று ஆனந்தராசா அதற்கு இன்னும் மரியாதை கொடுத்துப் பேணினான்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் சிவகௌரி வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, நான் இண்டைக்கு லூட்கேயிட்டச் சொல்லிப்போட்டன்.”

“என்னத்தை?”

“இந்த மாசக் கடைசியோட நிக்கிறன் எண்டு. ஆஸ்பத்திரியில இடம் சரிவந்திட்டுது. ஏப்ரல் முதலாந் திகதி வரச் சொல்லியிருக்கினம். முழு மிஸியா எடுக்கினம்.”

ஆனந்தராசா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். நிற்பாட்டவில்லை.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீரோ?”

“இஞ்சத்தை மிஸிச் சோதினைக்குப் படிக்கேக்க சொன்னனான். பாஸ் பண்ணின உடனயும் சொன்னனான். ஓம் எண்டனீங்கள்.”

“படிக்கிறதுக்கு ஓம் எண்டனான். விடுறதுக்கோ ஓம் எண்டனான்?”

“பிறகென்னத்துக்குப் படிச்சனான், சுவரில மாட்டவோ?”

“கௌரி, கொஞ்சம் யோசியும். ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பாக்காத நேரம் அந்த மனிசி வேலை தந்தது. மரியரட்ணம் அண்ணை எத்தினைதரம் நடந்து எடுத்துத் தந்த வேலை. நாளைக்கு அவற்ற முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

“கண்ணாலதான்.”

“பகிடி விடாதையும்.”

“நான் பகிடி விடேல்லை. சம்பளத்துக்கு நான் கூட்டுற பொம்பிளை, ஊசிக்கு மட்டும் மிஸி. டொக்டர் வந்து நிக்கேக்க என்ர கையில தும்புத்தடியைத் தாறா. அவர் கேற்றைத் தாண்டின உடன பிரஷர் பார் எண்டுறா. ஏதும் பிழைச்சால் ஆர் ஜெயிலுக்குப் போறது? உங்கட மரியரட்ணம் அண்ணையோ?”

“எண்டாலும் ஒரு நன்றி எண்டு இருக்குத்தானே.”

சிவகௌரி குசினிக்குப் போய்ச் சோற்றை அடுப்பில் வைத்தாள். அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது, ஆனால் அதை இவனிடம் சொல்லி வீணாக்க அவளுக்கு மனமில்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துப் பேசிய மேற்றன் அம்மா, பேச்சு முடிந்ததும் கதிரையை விட்டு எழுந்து கை கொடுத்து, நாங்கள் இனி ஒரே தொழில்காரர் என்றாள். அவ்வளவுதான். ட்ராமில் ஏறி உட்கார்ந்த பிறகு சிவகௌரிக்குக் கண்ணீர் நிற்காமல் ஓடியது. பக்கத்துச் சீட்டில் இருந்த துருக்கிக் கிழவி ஒரு கைக்குட்டையை நீட்டினாள். நாலே வார்த்தைக்கு இப்படி அழுகிறேனே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு வருஷம் தன்னை எதற்குச் சமமாக வைத்திருந்தார்கள் என்பது அந்த ட்ராமில்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது. அந்த வேலை அவளுக்கு வேண்டும். கொலைப்பட்டினி கிடப்பவளுக்குச் சோறு வேண்டியதுபோல வேண்டும்.

அடுத்த நாள் மரியரட்ணம் வந்தார். வருவார் என்று தெரியும். கெல்சென்கிர்ச்சன் தமிழரின் சரித்திரத்தைத் தனக்கு முன், தனக்குப் பின் என்று பிரிக்க வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். எழுபதுகளிலேயே வந்துவிட்டவர், ஜேர்மன் பாஷையான டொச் பேசுவார், மலிவுக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் கழுத்தில் டை கட்டுவார். ஆட்களுக்கு வேலை எடுத்துக் கொடுப்பார், அதற்குக் கைக்கூலி வாங்கமாட்டார். அதைவிடக் கூடியதை வாங்குவார். எந்தச் சபையிலும் முதல் கதிரை அவருக்கு. அவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது. யாரைக் கண்டாலும் தோளில் கை போட்டு “இது நான் வைச்ச ஆள்” என்று அவர் மற்றவருக்கு அறிமுகம் செய்யும்போது, வைக்கப்பட்ட ஆள் இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிவகௌரி ஒருத்திதான் இளிக்காமல் நின்றவள். அது அவர் மனதில் இருந்தது.

“பிள்ளை, உமக்கு விளங்கேல்லை” என்றார் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே. “நீர் விடுறது உம்மட வேலை இல்லை. என்ர பேர். இனி ஒரு தமிழ்ப் பொம்பிளையை அங்க கொண்டுபோய் நான் எப்பிடி நிப்பாட்டுறது?”

“அப்ப உங்கட பேரே போய்க் கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டட்டும் அண்ணை.”

“கௌரி!” என்றான் ஆனந்தராசா.

“விடும் தம்பி, பொம்பிளையள் அவசரத்தில கதைப்பினம்.” மரியரட்ணம் பெருந்தன்மையாகச் சிரித்தார். பெருந்தன்மை காட்டும்போது அவருக்கு மூக்கு விரியும். “நான் லூட்கேயோட கதைச்சனான். மனிசி சரியாக் கவலைப்படுது. ஞாயிற்றுக்கிழமை தானே இஞ்ச வந்து கதைக்கிறன் எண்டுது. மூண்டு மணிக்கு.”

ஆனந்தராசா எழுந்தே நின்றுவிட்டான். “எங்கட வீட்டையோ? லூட்கே அம்மாவோ?”

“உம்மட வீட்டைதான்.”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். தேர் வாசலுக்கு வரப்போவதுபோல இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. ஒருவர் வீடு தேடி வந்து, இருந்து, கை நனைத்துவிட்டால், அவர் கேட்டதை இல்லை என்று சொல்லி அனுப்பக்கூடாது. நீதிமன்றம் வரை போன காணி வழக்கும் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் கைவிடப்படும். பெண்ணுக்குப் பிடிக்காத மாப்பிள்ளையும் ஒரு தேத்தண்ணியோடு முற்றாகிவிடும். லூட்கேக்கு இந்தச் சட்டம் தெரியாது. மரியரட்ணத்துக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சிவகௌரியை இல்லத்தின் கந்தோர் அறைக்குக் கூப்பிட வேண்டாம், நீங்களே போங்கள் என்று லூட்கேக்கு அவர் புத்தி சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ஆனந்தராசாவின் முதுகு நோ காணாமல் போயிற்று. துருக்கிக் கடைக்கு இரண்டு தரம் நடந்து ஆட்டிறைச்சி கொண்டுவந்தான். கீழ்வீட்டில் இருந்து மேசையையும், முன்வீட்டு நித்தியானந்தனிடமிருந்து கதிரைகளையும் தூக்கி வந்தான். பிறகு ஒரு கதிரையில் இருந்துகொண்டு, இறைச்சிக்கு உறைப்பைக் குறை, இடியப்பத்தைச் சின்னதாகப் பிழி என்று உத்தரவு போட்டான். வேலையால் வந்த கால்வலியோடு சிவகௌரி பிழிந்தாள். சமைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வருகிற ஆளுக்கு வாய்க்கு ருசியில்லாத சாப்பாட்டை வைக்க அவளுக்கும் மனம் வராது. அவளும் அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தவள்தானே.

மூன்று மணி என்றால் நாலரைக்கு வருவார்கள் என்று ஆனந்தராசா கணக்குப் போட்டிருந்தான். மூன்றுக்கே வாசல் மணி அடித்தது. அவன் இடுப்பில் சாரத்தோடு, பாதிக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு நின்றான். மரியரட்ணம் முன்னே வர, பின்னால் லூட்கே ஒரு அப்பிள் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கோப்பியும் கேக்கும் என்று நினைத்து வந்தவள் அவள். மேசையில் இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் குழம்பு, கத்தரிக்காய் வதக்கல், பொரித்த மீன், ரோல்ஸ், கட்லற். கேக்கை எங்கே வைப்பதென்று அவள் இடம் தேடினாள்.

“இருக்கச் சொல்லுங்கோ அண்ணை, சாப்பிடச் சொல்லுங்கோ” என்று பாதிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான் ஆனந்தராசா. ஐந்து வருஷமாக அந்த நாட்டில் இருந்தும் டொச்சில் அவனுக்கு நன்றியும் தயவுசெய்தும்தான் தெரியும். இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு அவள் தட்டில் இடியப்பத்தை அடுக்கினான்.

லூட்கே முள்ளுக்கரண்டியால் இடியப்பத்தைச் சுற்றிப் பார்த்தாள், வெட்டிப் பார்த்தாள். குழம்பு ஒரு வாய் பட்டதும் கண்ணால் தண்ணீர் வந்தது.

“உறைக்குதோ எண்டு கேளுங்கோ அண்ணை.”

“இல்லையாம். நல்ல ருசியாம்.”

“அப்ப இன்னும் ரெண்டு வையும் கௌரி.”

சிவகௌரி வைத்தாள். ஆண்களும் வந்த விருந்தாளியும் இருந்து சாப்பிட, அவள் குழம்புச் சட்டியோடு பின்னால் நின்றாள். லூட்கே பேசத் தொடங்கினாள். கிழவர்கள் எல்லாம் கௌரி, கௌரி என்று அழுகிறார்களாம். மேல்மாடி ஷிமானியாக் அவள் ஊட்டினால் மட்டும்தான் வாய் திறக்கிறாராம். இப்படிப்பட்ட கைகளை இனி எங்கே தேடுவதாம். பெரிய ஆஸ்பத்திரியில் மனுஷரை நம்பராகத்தான் பார்ப்பார்கள், நாங்கள் ஒரே குடும்பம் அல்லவா. சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. மிஸி என்ற சொல்லும் வரவில்லை. மரியரட்ணம் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார், சொல்லும்போது இரண்டு மடங்கு உருக்கமாக்கிச் சொன்னார்.

ஆனந்தராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைக் கழுவி, துவாயால் துடைத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

“சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் செய்ததை மறக்கிற சாதி இல்லை எண்டு சொல்லுங்கோ. இந்த மனிசி இந்தக் குளிருக்க என்ர வீட்டுப் படி ஏறி வந்திட்டா. இனி எனக்கு வேற கதை இல்லை. கௌரி ஓரிடமும் போகமாட்டா. இது என்ர வாக்கு எண்டு சொல்லுங்கோ.”

மரியரட்ணம் சொன்னார். லூட்கே இரண்டு கைகளையும் தட்டிச் சந்தோஷப்பட்டாள். தட்டியதோடு முடிந்துவிட்டது என்று நினைத்து, கேக்கை வெட்டக் கத்தி கேட்டாள்.

சிவகௌரிக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அந்த மூன்று பேரையும் பார்த்தாள். ஒருத்தி தன் மாடிப்படிக்கு ஆள் தேடுகிறாள். ஒருவர் தன் பெயரைத் தேடுகிறார். தன் புருஷனோ, தான் ஒரு கிளாசையும் கழுவாத வீட்டில் இருந்துகொண்டு, அவளுடைய முதுகை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டுகிறான், தாராளமாக, கண்ணீரோடு. இவனுக்குப் பயந்தா இவ்வளவு நாளும் யோசித்தேன் என்று இருந்தது.

சட்டியை மேசையில் வைத்தாள். மிச்சம் இருந்த கதிரையை இழுத்து இருந்தாள். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பிறகு மரியரட்ணத்தைப் பார்க்காமல், நேரே லூட்கேயைப் பார்த்து டொச்சில் பேசினாள்.

“நான் முப்பத்தோராம் திகதியோடு நிற்கிறேன் பிறாவ் லூட்கே. அதில் மாற்றம் இல்லை. ஆனால் என்னுடைய கணவர் உங்களிடம் வைத்திருக்கும் நன்றியைப் பார்த்தீர்கள்தானே. அவர் வீட்டில் சும்மா இருக்கிறார். வேலை செய்ய அனுமதி இருக்கிறது. நேற்று அந்த மேசையைத் தனியாளாகத் தூக்கி வந்தார். கனமான ஆட்களைத் தூக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று எப்போதும் சொல்வீர்களே, இவரை எடுங்கள். நாளைக்கே வரட்டும். நான் போவதற்குள் எல்லாம் பழக்கிவிடுகிறேன்.”

மரியரட்ணத்தின் வாயில் கட்லற் பாதியில் நின்றது. லூட்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆனந்தராசாவைப் பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலத் தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒரு ஆண்பிள்ளை, அதுவும் அதே சம்பளத்துக்கு. அவள் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். கௌரியின் கை, ஷிமானியாக்கின் வாய் என்ற கதையெல்லாம் அந்தக் குலுக்கலோடு போயிற்று.

“நன்றி, நன்றி” என்று ஆனந்தராசாவும் டொச்சில் குலுக்கினான். பிறகு மெதுவாகத் திரும்பினான். “என்னவாம் அண்ணை?”

மரியரட்ணம் கட்லற்றை விழுங்கினார். அவர் கெட்டிக்காரர். போகிறவள் போகட்டும், இடத்துக்கு இன்னொரு ஆள் வந்தால் தன் பெயர் பழுதில்லை என்பது விழுங்கி முடிவதற்குள் அவருக்குப் புலப்பட்டுவிட்டது.

“நல்ல விஷயம் தம்பி. பிள்ளையின்ர இடத்துக்கு உம்மை எடுக்கிறாவாம். நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வரட்டாம்.”

“என்னையோ?”

“உம்மைத்தான்.”

“கிழடுகளைக் கழுவவோ? அண்ணை, நான் கச்சேரியில இருந்தவன். எனக்கு முதுகு ஏலாது. முதுகு ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

“தம்பி” என்று மரியரட்ணம் குரலைத் தாழ்த்தினார். “வீட்டை வந்து சாப்பிட்ட மனிசியைக் கையை விரிச்சு அனுப்புறதோ? நான் இருக்கேக்க அது நடவாது. எனக்கு இந்த ஊரில ஒரு பேர் இருக்கு.”

லூட்கே அவனுக்கு மேற்சட்டை என்ன அளவு என்று கேட்டாள். பெரியது என்று சிவகௌரி டொச்சில் சொன்னாள். பிறகு ஒரு தட்டை எடுத்து இடியப்பத்தை வைத்து, இறைச்சியை நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டு, சொதி ஊற்றிக் குழைத்தாள். விருந்தாளி இருக்கும்போது அவள் சாப்பிட்டதை ஆனந்தராசா அன்றைக்குத்தான் பார்த்தான்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசலாமா, கெஞ்சலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. லூட்கே சிரித்துக்கொண்டு முன்னால் இருந்தபடியால் அவனும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல், அவளுக்கு மட்டும் கேட்கக் கேட்டான்.

“அங்க நான் ஆருக்குக் கீழ?”

சிவகௌரி வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

“எனக்குக் கீழ” என்றாள்.